அடியில் எழுதிய ஒரு வரி

முத்துப்பேட்டை
22.11.1995, புதன்கிழமை

அன்பு மச்சான் ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு உங்கள் தஹ்மீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நம் சுமையாவும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி சேதி. நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இறால் பண்ணை ஆபீசில் இரண்டாவது விசாரணை நடக்கிறது. பண்ணையில் வேலை பார்த்த இளையபெருமாள் அண்ணன் கரண்ட் அடித்து இறந்துபோனாரே, அதற்கு. அதில் நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் போனில் நீங்கள், "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு, வாயைத் திறக்காதே" என்றீர்கள். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் நானும் "சரிங்க மச்சான்" என்றேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கெட்ட சேதியை இவள் என்றைக்குக் கடிதத்தின் மேலே எழுதினாள் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நீங்கள் முதன்முதலில் சவூதிக்கு, தம்மாம் போனபோதே மாமி என்னை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள்: "அங்க அவன் ஒத்தையாக் கெடக்குறான். கடுதாசியப் பிரிச்சதும் நெஞ்சு அடைக்கக் கூடாது. நல்லதையெல்லாம் மேல எழுது. கெட்டதை அடியில, லேசாத் தொட்டு எழுது." இந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுதுகிறோம். சுமையா டைபாய்டில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்ததை உங்களுக்கு எப்படி எழுதினேன் தெரியுமா? தென்னை நட்டது, மழை பெய்தது, புதுப் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், "பிள்ளைக்கு லேசான காய்ச்சல் வந்தது, இப்போது சுகம்" என்று முடித்தேன். என் வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடியதையும் அப்படித்தான் எழுதினேன். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. பதில் கடிதத்தில், "மாமாவுக்கு என் சலாம் சொல்லவும், அவர்களுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். உங்கள்மேல் குற்றமில்லை, நான் எழுதிய லட்சணம் அப்படி.

இந்தப் பழக்கத்தை ஆபீசுக்கும் கொண்டுபோய்விட்டேன் மச்சான். அதுதான் நடந்தது.

பண்ணையில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் சரியாகக் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. ஜெக்கரியா காக்கா வந்து, "டைப்ரைட்டிங் பாஸ் பண்ணின புள்ள வீட்டுல சும்மாதானே இருக்கு, நம்ம பண்ணை ஆபீசுக்கு வரட்டுமே" என்று கேட்டார்கள். உங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர்கள், பண்ணைக்கும் முதலாளி, அவர்களே கேட்கும்போது நீங்களும் சரி என்றீர்கள். முன்னறையில் ஜன்னல் ஓரமாக என் மேஜை. காலையில் வேலையாட்கள் ஜன்னலில் வந்து பெயர் சொல்வார்கள், நான் வருகைப் பதிவில் குறிப்பேன். சாயங்காலம் அன்றைய நிலவரத்தை ஒரு தாளில் எழுதி, கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்து, மேனேஜர் லியாகத் அலி சார் மேஜையில் வைப்பேன். அவர் இரண்டிலும் கையெழுத்துப் போடுவார். ஒன்று அவர் ஃபைலுக்கு, ஒன்று என் ஃபைலுக்கு. பதினோரு மாதத்தில் நான் அவரிடம் நேராக நின்று பேசியது பத்துத் தடவைகூட இருக்காது. என்ன சொல்ல வேண்டுமானாலும் தாளில் எழுதி வைத்துவிட்டு வந்துவிடுவேன். அடக்கமான பெண் என்று அவரே காக்காவிடம் சொன்னாராம். எனக்கு அதில் பெருமை வேறு.

இளையபெருமாள் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. நாற்பது வயசு இருக்கும். இப்போது மூன்றாம் குட்டை இருக்கும் இடம் முன்பு நெல் வயலாம், அதே இடத்தில் அவர் நாற்றுப் பறித்திருக்கிறாராம். நிலத்தைப் பண்ணைக்காரர்கள் வாங்கியதும் அதே மண்ணில் இறாலுக்குத் தீவனம் போடும் வேலைக்கு வந்துவிட்டார். "அப்ப பயிருக்குத் தண்ணி, இப்ப கூனி இறாலுக்குத் தண்ணிம்மா, நான் மட்டும் இங்கயே நிக்கிறேன்" என்று சிரிப்பார்.

குட்டைத் தண்ணீரில் காற்றுக் கலக்க ஒரு துடுப்பு மோட்டார் ஓடும். அக்டோபர் பதினாறாம் தேதி திங்கட்கிழமை அவர் ஜன்னலுக்கு வந்து, "மூணாம் குட்டை மோட்டாரத் தொட்டா சுருக்குன்னு கரண்டு இழுக்குதும்மா. ஒயரு தோல் உரிஞ்சு கெடக்கு. நாங்க சொன்னா வேலைக்கு வளையாதவன்னு ஏசுவாரு. நீங்க எழுதுனா சாரு பார்ப்பாரு" என்றார். எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். என்ன எழுதினேன் என்பதை அப்படியே தருகிறேன், பிரதி என் கையில் இருக்கிறது:

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு. இன்று ஆட்கள் இருபத்தெட்டுப் பேர். எல்லாக் குட்டைகளிலும் தீவனம் நேரத்துக்குப் போடப்பட்டது. இறால் நல்ல வளர்ச்சியாக உள்ளது. மதகு சுத்தம் செய்யப்பட்டது. தங்கள் மேற்பார்வையில் வேலைகள் யாவும் சிறப்பாக நடைபெறுகின்றன. மூன்றாம் குட்டை மோட்டாரில் சிறு கோளாறு இருக்கலாம் போல் தெரிகிறது. தங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது பார்த்தால் நலம்."

சிறு கோளாறாம். இருக்கலாமாம். போல் தெரிகிறதாம். ஓய்வு கிடைக்கும்போதாம். கரண்ட் என்ற வார்த்தையையே நான் எழுதவில்லை மச்சான். அவர் மனம் சங்கடப்படக் கூடாது, குறை சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது என்று ஒரு உயிரை அடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் மேலே நாலு வரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாள் போனது. தீபாவளி திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை காலையில் இளையபெருமாள் அண்ணன் வேலைக்கு வந்தார். சுமையாவுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். பெயரைக் குறித்துக்கொண்டிருக்கும்போது, "அந்த மோட்டாரு விஷயம் எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். "எழுதிட்டேண்ணே, அன்னைக்கே எழுதிட்டேன்" என்றேன். "அப்ப சரி" என்று போனார். சார் அதைப் பார்த்தாரா, ஆள் வந்து சரிசெய்தார்களா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பதினொன்றரை மணிக்குத் துடுப்பு நின்றுவிட்டதென்று அவர் தண்ணீரில் இறங்கி மோட்டாரைத் தொட்டார். சத்தம் கேட்டு நான் ஓடும்போது கரையில் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

அந்த முறுக்கை நான் சுமையாவுக்குக் கொடுக்கவில்லை. தூக்கிப்போடவும் கை வரவில்லை. கடைசியில் எறும்பு அரித்துவிட்டது.

நவம்பர் எட்டாம் தேதி முதல் விசாரணைக்கு ஒரு சர்க்கார் அதிகாரி வந்தார். ஆபீசிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கங்காணி ஒருவன், "தீபாவளி போதை தெளியாம வந்தாருங்க, நாங்க எறங்காதேன்னுதான் சொன்னோம்" என்று கூசாமல் சொன்னான். என் முறை வந்தது. மோட்டார் பழுது என்று முன்னாலேயே யாராவது சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் எதிரே நின்றார், ஜெக்கரியா காக்கா பக்கத்தில். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன். "எனக்கு... சரியா..." என்று என்னவோ முனகினேன். அவர் 'தெரியாது' என்று எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வக்கில்லை.

இரண்டு நாள் கழித்து லியாகத் அலி சார் ஒரு வெற்றுத்தாளை என் மேஜையில் வைத்தார். பதினாறாம் தேதி அறிக்கையைக் கடைசி இரண்டு வரி இல்லாமல் புதிதாக எழுதித் தரச் சொன்னார். கார்பன் பிரதியைக் கிழித்துவிடச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். "அதை எழுத மாட்டேன் சார்" என்றேன். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். அவர் ஏசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "ஏம்மா, மேல எல்லாம் சிறப்பா நடக்குதுன்னு எழுதிட்டு, கீழ ஓய்வு கெடச்சாப் பாருங்கன்னா நான் என்னன்னு எடுத்துக்குறது? ஒயரு பிஞ்சு கெடக்கு, ஆளு செத்துடுவான்னு எழுதியிருந்தா நான் சாப்பாட்டு இலையிலேருந்து எந்திரிச்சு வந்திருப்பேனே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைத் தின்கிறது.

அன்று சாயங்காலமே ஜெக்கரியா காக்கா வீட்டுக்கு வந்தார்கள். மாமியிடம் சலாம் சொல்லி, சுமையாவுக்கு பிஸ்கட் கொடுத்து, நிதானமாகத்தான் பேசினார்கள். "போன உசிரு போயிடுச்சு புள்ள. பண்ணைய மூடுனா மீதி இருபத்தேழு குடும்பம் என்ன செய்யும், யோசிச்சுக்க" என்றார்கள். எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜாஃபரோட இக்காமா ஜனவரியில முடியுதுல்ல? நான் ஒரு வார்த்தை சொன்னா அங்க மறுபேச்சு இல்லாம புதுப்பிச்சுக் கொடுப்பாங்க" என்றார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் அங்கே தங்கும் அனுமதி என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. மாமிக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. பிறகு உங்களுக்கும் போன் செய்து புரியவைத்திருக்கிறார்கள். உங்கள் குரலில் அந்தப் பயம் தெரிந்தது மச்சான். அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை இளையபெருமாள் அண்ணனின் பெண்சாதி கண்ணாத்தாள் அக்கா நம் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை, வெளியிலேயே நின்றார். மோட்டார் பற்றி அவர் புருஷன் என்னிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. பெண்சாதி பயந்துபோவாள் என்று அவர் வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. கண்ணாத்தாள் அக்கா எதுவும் கேட்டு வரவில்லை. "குடிச்சுட்டு விழுந்தாருன்னு எழுதிட்டாங்களாம்மா. எம் புருஷன் வெத்தலையத் தவிர ஒண்ணையும் வாயில வச்சதில்ல. நான் சொன்னா எடுபடாது. நீங்க படிச்சவங்க, காலையில பேரு எழுதும்போது பார்த்திருப்பீங்க. குடிக்கலைன்னு மட்டும் எழுதச் சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் போய்க் கும்பிட்டார் மச்சான்.

நாளை என்ன சொல்ல வேண்டும் என்று நேற்று எழுதிப் பார்த்தேன். முதலில் கையில் வந்தது இதுதான்: "ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம். மேனேஜர் சார் மிகவும் நல்லவர். எங்களை எல்லாம் நன்றாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒருவேளை மோட்டாரில் ஏதோ சின்னதாக..." அடிப் பாவி, செத்துப்போன மனுஷர் எங்கேடி இதில் என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. கிழித்துப்போட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். "போல", "கொஞ்சம்", "இருக்கலாம்" எல்லாவற்றையும் அடித்தேன். எனக்குத் தோன்றுவதை விட்டேன், நான் பார்த்ததையும் கேட்டதையும் செய்ததையும் மட்டும் வைத்துக்கொண்டேன். தேதியை முதலில் வைத்தேன். யாரையும் ஏசவில்லை, யாரையும் புகழவும் இல்லை. கடைசியில் ஏழு வரிதான் மிஞ்சியது:

"என் பெயர் தஹ்மீனா. தினசரி அறிக்கை எழுதுவது நான். மூன்றாம் குட்டை மோட்டாரில் கரண்ட் இழுக்கிறது, ஒயர் உரிந்திருக்கிறது என்று இளையபெருமாள் அக்டோபர் பதினாறாம் தேதி என்னிடம் சொன்னார். அன்றே எழுதி மேனேஜரிடம் வைத்தேன், அவர் கையெழுத்துப் போட்ட பிரதி இதோ. இருபத்தைந்தாம் தேதி வரை யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அன்று காலை இளையபெருமாள் என்னிடம் நின்று பேசினார், அவர் குடித்திருக்கவில்லை. போன தடவை நான் பதில் சொல்லாதது பயத்தால்."

இதைச் சமையல்கட்டில் நின்று உரக்கச் சொல்லிப் பழகினேன். முதலில் சுவரைப் பார்த்து, பிறகு அரிசிப் பானையை அதிகாரியாக வைத்து. நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். சுமையா எட்டிப் பார்த்து, "உம்மா, யாரைத் திட்டுறீங்க?" என்றாள். திட்டவில்லை தங்கம், சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் "குடித்திருக்கவில்லை" என்ற இடத்தில் அழுகை வந்துவிடுகிறது. அந்த இடத்தில் மூச்சை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அழுதால் பொம்பளை அழுகிறாள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் கடிதத்தை இன்றைக்குத் தபாலில் போடப்போவதில்லை. நாளை போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

24.11.1995, வெள்ளிக்கிழமை

சொல்லிவிட்டேன் மச்சான்.

நேற்று விடிந்ததிலிருந்து மழை. அதிகாரி வர பதினோரு மணி ஆகிவிட்டது. கூப்பிட்டதும் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், நின்றே சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்தால் குனிந்துவிடுவேன் என்று எனக்குப் பயம். ஏழு வரியையும் சொன்னேன். நடுவில் ஜெக்கரியா காக்கா, "பயந்த புள்ள, என்னமோ குழம்பிப் பேசுது" என்றார்கள். "நான் குழம்பலைங்க காக்கா, முடிச்சுடுறேன்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரி பிரதியை வாங்கி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். "கரண்ட் இழுக்குதுன்னு அவர் உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. நீங்க சிறு கோளாறுன்னு எழுதியிருக்கீங்க. ஏன்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் பழகியிருக்கவில்லை. "மேனேஜருக்குச் சங்கடமா இருக்கும்னு மென்மையா எழுதினேன். அது என் தப்பு. அதையும் எழுதிக்குங்க சார்" என்றேன். அப்போது லியாகத் அலி சார் தானாகவே பேசினார். "கையெழுத்து என்னோடதுதான். நான் கடைசி வரி வரைக்கும் வாசிக்கலை" என்றார். ஜெக்கரியா காக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். பாவம், அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

அதிகாரி நான் சொன்னதை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். 'குடித்திருக்கவில்லை' என்பது இருக்கிறதா என்று நானே விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் போட்டேன். கங்காணி சொன்னதும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியாது. அல்லாஹ்தான் அறிவான்.

கண்ணாத்தாள் அக்கா வாசல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனசுக்குள் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் வந்தேன், பொய் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்தார். "ஒம்போது நாளாத் தெரியுமாம்மா உங்களுக்கு?" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் கத்தவில்லை, ஏசவில்லை. "இப்ப நின்னு சொன்னீங்களே, இதே மாதிரி அன்னைக்குப் போயி நின்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். குடையைக்கூட விரிக்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என்னை இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் மேஜையின் சாவியை இன்று காலை கொடுத்துவிட்டேன். மாமி நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. இரவு தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்து, "தின்னு, நாளைக்கு அவனுக்கு எழுதணும்ல" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அவர்களுக்கு என்மேல் கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களை நினைத்துத்தான் கலங்குகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

உங்கள் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது மச்சான். ஜெக்கரியா காக்கா சொல்லாமலே இருக்கலாம், சொல்லவும் சொல்லலாம். உங்களைக் கேட்காமல் உங்கள் பிழைப்பில் கைவைத்துவிட்டேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொல்லுங்கள். கோபத்தில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நாலு வரி ஏசி எழுதினாலும் போதும், தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில்தான் நிற்பேன்.

இன்று ஜும்ஆ தொழுகை நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து வாசித்தேன். முழுக்க வாசிக்கவில்லை, ஒவ்வொன்றின் அடியையும் மட்டும் பார்த்தேன். செப்டம்பரில் எழுதியதில், சுமையாவுக்கு கவுன் வாங்கியது, கூட்டாளிகளோடு பிரியாணி ஆக்கியது எல்லாம் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே, "ஏ.சி. மாட்ட வெளியே தொங்கும் கூண்டில் ஏறும்போது கம்பிக் கயிறு சமயத்தில் கொஞ்சம் வழுக்குகிறது, பழகிவிட்டது, கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதை நான் வாசித்தேன், மச்சான். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எத்தனை மாடி அது? எத்தனை நாளாக வழுக்குகிறது? உங்கள் ஃபோர்மேனிடம் சொன்னீர்களா? சொன்னேன் என்றால் எப்படிச் சொன்னீர்கள்?

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய் அவர் முன்னால் நின்று, கயிறு வழுக்குகிறது, சரிசெய்யாமல் நான் ஏற மாட்டேன் என்று சொல்லுங்கள். சலாம் சொல்லிவிட்டு முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மறுநாள் போய், சரிசெய்தாயிற்றா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இக்காமாவை ரத்து செய்தால் செய்யட்டும், திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். உங்களை அல்லாஹ் எல்லா ஆபத்திலிருந்தும் காப்பானாக. பெட்டி வேண்டாம், கவுன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீங்கள் முழு ஆளாக வந்து சேர்ந்தால் போதும்.

உங்கள்
தஹ்மீனா